பார்ட் மாற்றும் முன் காரணத்தைத் தேடும் ஒரு பிரேக் பட்டறை: நீலசந்திரா, பெங்களூரு

ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து நீலசந்திராவுக்குள் நுழைந்தால், ஒரு குறுக்குத் தெருவில் பெயர்ப் பலகையே இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. பிரேக் வேலையும் கிளட்ச் வேலையும் மட்டும்தான். எஞ்சின், ஏசி, டிங்கரிங் எதையும் தொடுவதில்லை. பழைய கார்களில் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு விடாமல் போகிற பிரச்சினைக்கு, தெரிந்தவர் யாராவது கேட்டால் நான் இங்கேதான் அனுப்புவேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் பணம் வீணாவதோடு நிற்பதில்லை, உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

என் வண்டி 1999 மாருதி ஜென். அப்பா வாங்கியது, இப்போது என்னிடம் இருக்கிறது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் ட்ரம் பிரேக், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் எலக்ட்ரானிக் ஏற்பாடு) கிடையாது. பழைய ஜென் தயாரிப்பு 2006-லேயே நின்றுவிட்டாலும் பெங்களூரில் இன்னும் நிறைய ஓடுகின்றன. 15 வருடம் முடிந்த பிறகு ஆர்டிஓவில் எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து, 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வீடு விவேக் நகர், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். ஆடுகோடி, மடிவாளா, சில்க் போர்டு என்று பிரேக்கை மிதித்து மிதித்து விடுகிற பாதைதான் தினமும்.

பிரச்சினை இப்படி இருந்தது. காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு குறையும் தெரியாது. அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்த பிறகு பெடல் மெல்ல மெல்ல கெட்டியாகும். காலை வைத்த உடனே, கொஞ்சம்கூடக் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். அப்புறம் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால்தான் வண்டி நகரும். சரிவில் கியரை நியூட்ரலில் போட்டால்கூட உருளாது. சக்கரத்துப் பக்கம் கருகல் வாசனை வரும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் விட்டால் எல்லாம் சரியாகி, ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பும். வியாழக்கிழமை மாலை எங்கள் பகுதி குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு நடுவில் வண்டி நகராமல் நின்றால் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் எல்லாம் நான் வண்டி ஓட்டத் தெரியாமல் நிற்கிறேன் என்றுதான் நினைத்தார்கள்.

முதலில் நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். பெயர் வேண்டாம். காலிப்பர் (பேடால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஜாம் ஆகியிருக்கிறது என்று சொல்லி இரண்டு பக்கமும் காலிப்பர் கிட் போட்டார்கள், பேட் மாற்றினார்கள். பிரச்சினை போகவில்லை. அடுத்து முன்பக்க பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) இரண்டையும் மாற்றினார்கள். அதற்கும் போகவில்லை. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரையும் (மிதிக்கும்போது ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) பூஸ்டரையும் (எஞ்சின் வேக்குவத்தால் மிதியின் விசையைக் கூட்டும் பாகம்) சேர்த்து மாற்ற வேண்டும் என்று 9,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். மாற்றினால் நிச்சயம் சரியாகுமா என்று கேட்டதற்கு, "போட்டுப் பார்க்கலாம் மேடம்" என்றார்கள். அந்தப் பதில்தான் என்னை வேறு இடம் தேட வைத்தது. தெருவில் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இந்த நீலசந்திரா பட்டறையைச் சொன்னார்.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்த உடனே பானெட்டைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டார். "காலைல எடுக்கும்போதே பிடிக்குதா, சூடானப்புறம் பிடிக்குதாம்மா?" "பிடிக்கும்போது பெடல் மேலயே கெட்டியா நிக்குதா, கீழ போகுதா?" "ஒரு சக்கரம் மட்டும் சூடாகுதா, நாலுமா?" இந்த மூன்றாவது கேள்வியை முந்தைய இடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. வெறும் கேள்வியாக அவர் அதை விடவில்லை, காரணத்தையும் சொன்னார். ஒரே ஒரு சக்கரம் பிடித்தால் கோளாறு அந்தச் சக்கரத்திலேயே இருக்கும்: காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், காலிப்பர் நகரும் பின் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கலாம், ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொண்டிருக்கலாம், பின்பக்கமானால் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி மாட்டியிருக்கலாம். நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். அதாவது மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பெடல்.

என் வண்டியில் நாலும் சூடாகின, முன்னால் அதிகம். அப்படியிருக்க காலிப்பரைப் பிரித்ததற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான்காவது கேள்வி, "இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிரேக் பக்கம் யாராவது கை வெச்சாங்களா? பில் இருந்தா கொடுங்க." கணக்கு வேலை பார்ப்பதால் வண்டி பில்களை ஒரு ஃபைலில் தேதிவாரியாக வைத்திருப்பேன். அதை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு பில்லில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆறிப்போன வண்டியில் எதையும் பார்க்க மாட்டேன் என்றார். "நல்லா இருக்கிற நேரத்துல பாத்தா எல்லாம் நல்லாதான் தெரியும்." ஸ்பானர்களையும் இரண்டு மரக்கட்டைகளையும் பின் சீட்டில் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் வழக்கமாகப் போகும் பாதையிலேயே, வழக்கமாக ஓட்டுவது போலவே ஓட்டச் சொன்னார். ஆடுகோடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெடல் கெட்டியாகி வண்டி இழுக்க ஆரம்பித்தது. சமதளமான ஓரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போடாமல், எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் சில சுற்று தளர்த்தினார். மாஸ்டர் சிலிண்டர் சில மில்லிமீட்டர் முன்னால் வந்தது, கழற்றவில்லை. கட்டையை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளினோம். உருண்டது. ஒரு நிமிடத்துக்கு முன் அசையாத வண்டி.

இந்தச் சோதனையின் அருமையைச் சொல்லியே ஆக வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும் வரிசையாக ஒவ்வொரு இடமாக விடுவித்துப் பார்ப்பதுதான் முறை. நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் விட்டால் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒன்றுமில்லை, அதற்குப் பின்னால் பூஸ்டரோ பெடலோ அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அப்போதும் விடவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் குழாயின் நட்டை லேசாகத் திறக்க வேண்டும். பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்தான் அடைப்பு. அதற்கும் விடவில்லையா, சக்கரத்தில் இருக்கும் பிளீடிங் நிப்பிளைத் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) திறக்க வேண்டும். இப்போது விட்டால் நடுவில் உள்ள ஹோஸ் குற்றவாளி, அது ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் தடுக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் அழுத்தம் காரணமே இல்லை, காலிப்பரோ, ட்ரம்முக்குள் உரசும் ஷூவோ இறுகி மாட்டியிருக்கிறது. ஒரு பார்ட்கூட வாங்காமல், ரோட்டு ஓரத்திலேயே கால் மணி நேரத்தில் காரணம் எந்தப் பகுதியில் என்று தெரிந்துவிடுகிறது. என் வண்டியில் முதல் படியிலேயே விடை வந்தது. ஹோஸும் காலிப்பர் கிட்டும் தேவையே இல்லை என்பதும், புது மாஸ்டர் சிலிண்டர் போட்டிருந்தாலும் இதே கதைதான் என்பதும் அந்த இடத்திலேயே தெளிவாகிவிட்டது.

(நட்டைத் தளர்த்திய நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. அவரும் உடனே இறுக்கிவிட்டு, அழுத்தம் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.)

வந்ததும் டிரைவர் சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்துக்கொண்டு பெடலைப் பார்த்தார். எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது பெடலைச் சில தடவை மிதித்து பூஸ்டரில் இருக்கும் வேக்குவத்தைக் காலி செய்துவிட்டு, விரலால் மெல்ல அழுத்தினால் முதல் சில மில்லிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். அதைத்தான் பிளே என்கிறார்கள். என் பெடலில் பிளே துளியும் இல்லை. பிரேக் லைட் ஸ்விட்ச்சின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்விட்ச்சைக் கொஞ்சம் வெளியே திருகினார். பெடல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேலே எழும்பி வந்தது. என்னையும் குனிந்து பார்க்கச் சொல்லி, ஸ்விட்ச்சை மறுபடி உள்ளே திருகிக் காட்டினார், பெடல் இறங்கியது. வெளியே திருகினார், ஏறியது.

அவர் விரல் நின்ற பில் இதுதான். பிரேக் லைட் எரியவில்லை என்று சில மாதங்களுக்கு முன் அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே புது ஸ்விட்ச் போட்டிருந்தார்கள். அளவு பார்க்காமல் முழுக்க உள்ளே திருகிவிட்டார்கள். ஸ்விட்ச்சின் உடம்பு பெடலைத் தள்ளி நிறுத்தியதால், நான் காலை எடுத்தாலும் பெடல் முழுதாக மேலே வரவில்லை.

சில மில்லிமீட்டருக்கு இவ்வளவு விளைவா என்று கேட்டேன். பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறார், அதைக் கையில் எடுத்து விளக்கினார். மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவரில் ஆயில் டப்பாவுக்குப் போகும் ஒரு மிகச் சின்னத் துளை இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் அந்தத் துளை திறக்கும். சூட்டில் விரிவடையும் ஆயில் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பிப் போகிறது. பெடல் சற்றே அழுந்தியிருந்தாலும் பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும். ஆவி போகும் வழி அடைபட்ட குக்கரின் நிலைமைதான். ஆயில் சூடாகி விரிகிறது, போக வழியில்லை, அழுத்தம் கூடுகிறது, பேட் டிஸ்க்கை உரசுகிறது, உரசலில் இன்னும் சூடு, இன்னும் அழுத்தம். அதனால்தான் அரை மணி நேரம் கழித்துப் பிடித்தது, ஆறியதும் விட்டது. நான் சொன்ன அறிகுறி ஒவ்வொன்றுக்கும் இந்த ஒரே காரணத்தில் பதில் இருந்தது.

வேலை அதோடு முடிந்தது என்று அனுப்பிவிடவில்லை. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பரைத் தடவிப் பார்த்தார். யாராவது தவறுதலாக எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருந்தால் அந்த ரப்பர் உப்பிச் சுருங்கிக் கிடக்கும், உள்ளே இருக்கும் எல்லா ரப்பரும் அதே கதியில் இருக்கும், பிரேக் பிடித்துக்கொள்ள அதுவும் ஒரு பெரிய காரணம். அப்படியானால் ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றுவதைத் தவிர வழியில்லையாம். என் வண்டியில் ரப்பர் நன்றாக இருந்தது. ஆனால் ஆயில் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி இருந்தாலே போதும் என்பதுதான் தரக் கணக்கு. அவ்வளவு இறங்கிவிடும். இழுத்துக்கொண்டு ஓடும் பிரேக்கில் அந்தச் சூடு வெகு சுலபமாக வரும். கொதித்து ஆவியானால் பெடல் தரைவரைக்கும் போகும், பிரேக் இருக்காது. பிடித்துக்கொள்ளும் பிரேக்கை "பிடிக்கத்தானே செய்கிறது" என்று அலட்சியமாக ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயில் முழுக்க மாற்றினோம். சீல் உடைக்காத டப்பாவை என் கண் முன்னால் திறந்தார். பாதி மிஞ்சிய பழைய டப்பாக்களை இந்தப் பட்டறையில் யாருக்கும் ஊற்றுவதில்லை.

பின் ட்ரம்மையும் கழற்றினார். வலது பக்க வீல் சிலிண்டரின் (ஷூவை ட்ரம் மேல் தள்ளும் பாகம்) ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பியதும் ஈரம் தெரிந்தது, கசிய ஆரம்பித்திருந்தது. ஷூவில் ஆயில் பட்டால் முதல் மிதிக்கே அந்தச் சக்கரம் மட்டும் சட்டென்று பூட்டிக்கொள்ளும், மழையில் வண்டி பின்பக்கம் வழுக்கும். வீல் சிலிண்டரும் இரண்டு பக்க ஷூவும் வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜே.சி. ரோட்டில் நானே போய் வாங்கினேன். ஜென்னுக்கு இன்னும் எல்லாம் கிடைக்கிறது. எந்தக் கடை என்று அவர் சொல்லவில்லை, பாக்கெட்டின் மேல் பார்ட் நம்பரும் விலையும் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். ட்ரம்மில் இருந்த தூசியை ஏர் அடித்துப் பறக்க விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பட்டறைப் பையனையும் மூக்கில் துணி கட்டிக்கொள்ள வைத்தார். இந்த ஒரு அக்கறைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

மறுபடி அதே பாதையில் ஓட்டிப் பார்த்து, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்த பிறகுதான் காசு வாங்கினார். காரணம் கண்டுபிடித்ததற்கு 500, ஆயில் மாற்றிக் குழாயில் இருந்த ஏர் எடுத்ததற்கும் பின் ட்ரம் வேலைக்கும் சேர்த்து 900. பார்ட்டும் ஆயிலும் என் செலவு. அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிவிட்டேன், பெடல் கெட்டியாகவே இல்லை.

அந்த 500 ரூபாய் பற்றிப் பட்டறையில் சண்டை நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். "ஒரு நட்டைத் திருகினதுக்கு ஐந்நூறா?" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பார்ட் எதையும் மாற்றாவிட்டாலும் அவர் இந்தத் தொகையை வாங்குகிறார், வண்டியைத் தொடும் முன்பே சொல்லியும் விடுகிறார். இதுதான் நியாயமான ஏற்பாடு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். யோசிப்பதற்குக் கூலி கொடுக்க மாட்டோம், பார்ட்டுக்கு மட்டும்தான் கொடுப்போம் என்று நாம் நின்றால், மெக்கானிக்கும் யோசிக்காமல் பார்ட்டைத்தான் மாற்றுவார். நான் முந்தைய இடத்தில் கொட்டிய பணம் அப்படிப் போனதுதான்.

குறைகளும் இருக்கின்றன. அச்சடித்த பில் கிடையாது, சிட்டைத் தாளில் எழுதித்தான் தருவார். இன்ஷூரன்ஸுக்கோ அலுவலகக் கணக்குக்கோ பில் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. முன்பதிவு இல்லை, வேலை நடக்கும்போது போன் எடுக்க மாட்டார். ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் பார்ப்பதால் காத்திருக்க வேண்டும், உட்கார ஒரு ஸ்டூல்தான் உண்டு. தெரு குறுகல். பெரிய எஸ்யூவி உள்ளே வந்தால் திருப்புவது கஷ்டம். பெண்கள் தனியாகப் போகலாமா என்று என் தோழி கேட்டாள். தாராளமாகப் போகலாம். பக்கத்தில் ஆண் யாராவது நின்றாலும் வண்டிக்காரரான என்னைப் பார்த்துத்தான் பேசினார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

ஏபிஎஸ் உள்ள வண்டிகளை அவர் எடுப்பதில்லை. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. அதில் கோளாறு பார்க்க ஸ்கேனர் வேண்டும், தன்னிடம் இல்லை என்று நேராகவே சொல்லி அனுப்பிவிடுகிறார். மாருதி 800, ஜென், ஆம்னி, எஸ்டீம், அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டிகளுக்குத்தான் இந்த இடம்.

போகிற வழியிலேயே பிடித்துக்கொண்டால் இழுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும். நீலசந்திராவுக்குப் போகும்போது பழைய பில்கள் அத்தனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குத் திறக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக இரண்டு மணி வரை மூடியிருக்கும், ஞாயிறு விடுமுறை. ரோட்டில் ஓட்டிச் சோதிக்க வேண்டிய கோளாறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் அவர் வண்டியை வெளியே எடுப்பதில்லை.